ஈரப்பதம்

திருவாரூரில் பயிற்சி. ஏசி அறை, பிஸ்கட்,
ஆளுக்கொரு தாளில் முப்பது கேள்வி.
உணர்வு நுண்ணறிவாம்.
சொல்லிக்கொடுக்க வந்த பிள்ளைக்கு
மீசை சரியாக முளைக்கவில்லை, குரல் நன்றாக இருந்தது.
எப்போதும் என்றால் ஐந்து,
ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று.

பதினாலாம் கேள்வி:
எதிரில் இருப்பவர் சொல்லாத கவலையை நான் அறிந்துகொள்வேன்.

ஐந்து போட்டேன். பொய்யில்லை.
பதினோரு பருவமாகக் கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன்.
டிராக்டரை விட்டு இறங்கும்போதே தெரியும்
யார் வீட்டில் கல்யாணம், யார் நகை வங்கியில்,
யார் நனைந்ததை அடியில் கொட்டிக்
காய்ந்ததை மேலே பரப்பியிருக்கிறார் என்று.

நூற்று ஐம்பதுக்கு நூற்று முப்பத்தேழு.
கைதட்டினார்கள். சான்றிதழை
மடிக்காமல் வண்டிப் பெட்டியில் வைக்க முடியவில்லை.

மறுநாள் தையல்நாயகியின் குவியல்.
ஒரு கைப்பிடி அள்ளி மீட்டரில் போட்டேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் எடுக்க உத்தரவில்லை.
அவர் சிரித்தார்.
அது என்ன சிரிப்பென்று எனக்குத் தெரியும்.
வாடகை டிராக்டர் போய்விட்டால்
இன்னொரு நடைக்குக் காசில்லை,
அதுவும் தெரியும்.

சொல்லிக்கொடுத்தபடி
கண்ணைப் பார்த்து, பெயரைச் சொல்லி,
'உங்கள் நிலைமை புரிகிறது' என்று ஆரம்பித்தேன்.
முழுக்கக் கேட்டார்.
"முன்னெல்லாம் வள்ளுன்னு விழுவீங்க சார்,
இப்ப பதமா சொல்றீங்க.
சொல்றது அதேதான்."

சாயங்காலம் கிழக்கே கறுத்தது.
வெண்ணாற்றுப் பக்கமிருந்து மண் வாசனை.
நான் பதிவேட்டை உள்ளே எடுத்து வைத்தேன்.
சுமை தூக்குகிற வேதையன்
தான் படுக்கிற தார்ப்பாயைத்
தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்
அந்தக் குவியல்மேல் விரித்து
மூலைக்கொரு செங்கல் வைத்தார்.
பிறகு தையல்நாயகியைப் பிடித்துத் திட்டினார்.
"மழ வருது, கண்ணு தெரியல?
பேச்சுக் கேட்டுக்கிட்டு நிக்கிற!"

வேதையனுக்கு அந்தத் தாளை யாரும் கொடுக்கவில்லை.
சுமைக்கூலிக்குப் பயிற்சி கிடையாது.
கொடுத்திருந்தால்
கோபத்தை அடக்குவேன் என்ற கேள்வியிலேயே
நாலு மதிப்பெண் போயிருக்கும்.

ராத்திரி தகரத்தில் மழை.
பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.
படுக்க ஒன்றுமில்லாமல் அவர்
நெல் சிப்பத்தில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.
பக்கத்தில் போய் நின்றேன்.
நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது,
தீப்பெட்டி கேட்டேன்.

எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை.
அது அவருக்கும் தெரியும்.

கொடுத்துவிட்டு
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.