ரப்பர் மீன்

லெர்விக் துறைமுகம், காலை பத்து மணி.
ஓஸ்லா எண்ணெய்த்துணிப் பாவாடையைக் கட்டி
ஜெமிமா ஆகிறாள்.
ஹெர்ரிங் குடலெடுத்த கைக்காரி;
கூலிப் புத்தகத்தில் ஒரு வரி,
அதுவும் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

உப்பு உள்ளே இறங்காதிருக்க
விரல் விரலாகக் கந்தல் சுற்றி
முடிச்சைப் பல்லால் இறுக்குகிறாள்.
மீன் ரப்பர். கத்தி மொக்கை.
கூட்டம்: எட்டுப் பேர், ஒரு நாய்.

“வலிக்குமா?”
மஞ்சள் மழைக்கோட்டுச் சிறுமி.

மனப்பாடம் செய்த வசனத்தில் பதில் இல்லை.
ஓஸ்லா ஒரு கந்தலை அவிழ்க்கிறாள்.
அடியில் நீலப் பிளாஸ்டர்:
சால்மன் ஆலை, நேற்றைய ராத்திரி ஷிப்ட்.

“யாரைக் கேட்கிறாய்,
ஜெமிமாவையா, என்னையா?”

சிறுமிக்கும் தெரியவில்லை.
நாய் வந்து மீனை முகர்ந்தது,
விட்டுவிட்டு
விரலை நக்கியது.