ஒன்று புள்ளி ஒன்று

உபெராபா. மழை இன்னும் வராத அக்டோபர்.
கரும்புத் தோட்டம் எரிந்த கரி
ஆஸ்பத்திரி ஜன்னல் விளிம்பில்
மயிர் உதிர்ந்ததுபோல் கிடக்கிறது.
என் வேலை சின்னது:
தொண்டை வழி இறக்கிய மெல்லிய பையை
உப்புநீரால் நிரப்புவேன்,
எவ்வளவு என்று உரக்கச் சொல்வேன்.

இன்று முதல் ஆள் ஒடீலியா.
பேக்கரியில் கல்லாப்பெட்டி. அறுபத்து மூன்று வயது.
தான் விற்கிற பாலாடை ரொட்டியில் ஒன்றைக்கூட
பதினோரு வருடமாக முழுதாய் இறக்கியதில்லை.
ஒரு வாய்க்கு ஒரு தம்ளர் தண்ணீர்.
எழுந்து நின்று, தோளைப் பின்னுக்கு இழுத்து,
மேசையை ஒரு சுற்றுச் சுற்றினால்
சில நாள் இறங்கும்.
சில நாள் மதியச் சோறு
நடு இரவில் தலையணைக்குத் திரும்பி வரும்.
கல்யாண வீடுகளில்
"சாப்பிட்டாயிற்று" என்பாராம்.

மயக்க ஊசிக்கு முன் என்னிடம் சொன்னார்:
"எல்லாம் நரம்பு என்கிறாள் என் அக்கா நெயுசா.
புருஷன் போன துக்கம் நெஞ்சை அடைக்கிறதாம்.
அந்த ஆள் போனது நிம்மதி, தம்பி.
அதை அவளிடம் எப்படிச் சொல்ல?"
பதிலுக்கு நான் காத்திருக்கும்போதே
தூங்கிவிட்டார்.

முப்பது.
நாற்பது. திரையில் பை
மேலே உப்புகிறது, கீழே உப்புகிறது,
நடுவில் மட்டும் இடுப்பு.
ஐம்பது. அழுத்தம் ஏறுகிறது,
இடுப்பு அசையவில்லை.
இறுகிய ஜாடி மூடியைத் துணி சுற்றித் திருகுகிறவரின்
முகம் டாக்டர் எவரிஸ்டோவுக்கு.
அறுபது.
"எண்?"
"ஒன்று புள்ளி ஒன்று."
மூன்றாவது இருந்திருக்க வேண்டும்.

தூங்குகிறவருக்கு அக்கா இல்லை, புருஷன் இல்லை,
வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை.
அப்போதும் அது திறக்கவில்லை.

ரத்தம் முன்பே சொல்லியிருந்தது:
மண்சுவர் வெடிப்பிலிருந்து இறங்கிய ஒரு பூச்சி,
தூங்கும் குழந்தையின் கன்னம்,
ஐம்பத்தெட்டு வருடம்.
பூச்சி அன்றே நசுங்கியிருக்கும்.
அது விட்டுப்போனது மெல்ல மெல்லத் தின்றது
குழாயின் நரம்புகளை.
ஆக, நெயுசா சொன்னது சரிதான். நரம்புதான்.
அவள் சொன்ன அர்த்தத்தில் இல்லை.

விழித்ததும் ஒடீலியா கேட்டது
தசையை வெட்டுவார்களா, பலூனால் விரிப்பார்களா என்றல்ல.
"அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடு."
எழுதினேன். மடிக்காமல்
கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் செருகினார்.
"இனி செல்லம் கொஞ்சுகிறேன் என்று சொல்லட்டும்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே,
ஏதோ பஸ் நேரம் விசாரிக்கிறவர்போல்:
"சின்ன வயதில் அக்கா எங்கே படுப்பாள்?"

"என் பக்கத்தில். ஒரே கட்டில்தானே.
எனக்கு இருட்டென்றால் பயம்,
அதனால் அவள்தான்..."

நிறுத்தினார். வாயில் எதுவும் இல்லை.
ஆனாலும் ஒருமுறை விழுங்கப் பார்த்தார்.

"சுவரோரம்."

நான் இன்னொரு தாள் எடுத்தேன்.
பெயர்: நெயுசா. வயது கேட்டேன்.
ரத்தப் பரிசோதனை என்ற கட்டத்தில்
குறியிட்டேன்.
இரண்டு தாளையும் ஒன்றாகப் பிடித்தபடி
எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்,
கால் தரையில் எட்டாமல்.