இரண்டு பொத்தான்கள்

ஜேக்கப்ஸில் எங்கள் பட்டறை
பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கும்.
மிதித்தால் இறங்கும் நாலாம் நம்பர் பிரஸ்,
சில நாள் மிதிக்காமலும் இறங்கும்.

முன்பெல்லாம் இன்ஸ்பெக்டர் வரும் சேதியை
கேக் வாங்கப் போகும் பையனே சொல்லிவிடுவான்.
மேனேஜர் அறையில் கோப்பைச் சத்தம்,
கண்ணாடிக்குப் பின்னால் தலையாட்டல்,
கார் கிளம்பும்.
கழற்றிப் போட்ட கம்பிவலையை
அந்த ஒரு மணிநேரம் மாட்டியிருப்போம்.
வலை இருந்தால் மூடி குறையும்,
மூடி குறைந்தால் கூலி குறையும்.
யாரும் கழற்றச் சொல்லவில்லை.
கணக்கு அப்படி.

தேர்தல் முடிந்த மறுவருடம்
திருமதி ங்கோபோ பஸ்ஸில் வந்தார்.
தேநீர் வேண்டாம், விபத்துப் புத்தகம் வேண்டும் என்றார்.
பதினொரு பக்கம், ஒரே கையெழுத்து, ஒரே காரணம்:
ஆளின் கவனக்குறைவு.
சத்தியசீலனின் இரண்டு விரல்
அதில் ஒன்றரை வரி.

“பதினொரு பேருக்கும்
இந்த மெஷினில் மட்டுமா கவனம் குறைந்தது?”
மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார்.

என் சாப்பாட்டு டப்பாவில்
அவித்த மடும்பிக் கிழங்கு, தோல் உரிக்காதது.
கேட்டு வாங்கி
என் விரல் போகும் இடத்தில் வைத்தார்.
மிதி என்றார்.
மிதித்தேன்.
வெகுநேரம் யாரும் அதைத் துடைக்கவில்லை.

தாள் ஒட்டினார். எட்டு நாள் மெஷின் நின்றது.
எட்டு நாள் கூலி போச்சு என்று
சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே போனேன்.
கேட் காவலுக்கு மாற்றப்பட்ட சத்தியசீலன்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு வந்தன இரண்டு பொத்தான்கள்,
ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில்.
இரு கையும் அழுத்தினால்தான் பிரஸ் அசையும்.
ஒன்றில் தீக்குச்சி செருகி டேப் சுற்றினேன்.
ஆமாம், நான்தான்.
அடுத்த முறை அவர் டேப்பை உரித்தார், ஏசவில்லை.
ஒரு மூடிக்கு என்ன கிடைக்கும் என்றார்.
சொன்னேன். எழுதிக்கொண்டார்.
வருடக் கடைசியில் மூடிக்கணக்கு போய் மணிக்கணக்கு வந்தது.
அவராலா, யூனியனாலா,
இன்னும் எங்களுக்குள் சண்டை.

எதிர்ப் பட்டறைக்காரர்
அவர் படியேறும் முன்பே பொத்தான் வைத்துவிட்டார். பயம்தான்.
இன்சூரன்ஸ்காரர் கேட்கத் தொடங்கினார்.
அப்புறம் மெஷின் விற்கிறவனே
“இது எப்போதும் கூடவே வருவதுதானே” என்றான்.
எப்போதுமா!
திருமதி ங்கோபோவின் பெயர்
எந்த மெஷினிலும் பொறிக்கப்படவில்லை.

வேலையிலிருந்து நின்று ஆறு வருடம்.
விடிகாலையில் கெட்டில் சுவிட்சைத் தட்டும்போது
இடது கை
வெறும் சுவரில்
இன்னொன்றைத் தேடுகிறது.