கால் அலை

ரெண்டு கம்பி அறுந்துபோச்சா தம்பி
என்று கேட்காத மண்டபம்
காரைக்குடியில் இன்னும் கட்டப்படவில்லை.
பேஸ் கிட்டாருக்கு நாலே கம்பிதான் என்பேன்.
அப்ப சம்பளமும் கம்மியாத்தானே இருக்கும் என்பார்கள்.

மேடையில் நான் வாசிப்பது
எனக்கே கேட்பதில்லை.
வாடகை மைக்செட் எல்லாம்
பாடுகிறவர் தொண்டைக்கும்
பந்தி அறிவிப்புக்கும் அளவெடுத்தவை.
என் தடித்த கம்பி அவற்றுக்குள் யானையாக நுழைந்து
கொசுவாக வெளியே வரும்.

ஆகவே ஒரு பெட்டி.
கொம்பை மடித்து உள்ளே வைத்த பெட்டி.

கணக்கு எளிது, அதுதான் வம்பு.
அடிக்கம்பி நொடிக்கு நாற்பத்தொரு தடவை அதிரும்.
அதில் ஒரே ஒரு அலையைப் பிடித்துப் படுக்கவைத்தால்
இருபத்தேழு அடி.
கழனிவாசலில் எங்கள் செட்டே பதினெட்டு அடிதான்.
கால் அலை போதுமாம்:
ஏழடி.
ஏழடிப் பாதையை மூன்றரை அடிப் பெட்டிக்குள்
வேட்டி மடிப்பதுபோல் மடித்துவிட முடியாது.
திரும்பும் இடமெல்லாம் அகலம் கூடவேண்டும்,
கழுத்தில் ஓர் உள்ளங்கை,
வாயில் ஒரு ஜன்னல்.

பலகை கொண்டுவந்தவன் அடைக்கலம்.
கல்யாண மேடை போடுகிறவன்.
பதினெட்டு எம்எம், ஆறு பலகை,
ஒரு பக்கம் ரோஸ் பெயிண்ட்,
அதன்மேல் ஜிகினா எழுத்து.
யார் வீட்டுது என்று திருப்பிப் பார்த்தேன்.
அவனுடையது.
ஆவணியில் நின்றுபோனது.

வேற பலகை வாங்கிக்கலாம்டா.
எதுக்கு? தண்ணி பட்டாலும் உப்பாத மரம், என்றான்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.
ரம்பம் கோட்டை விட்டு நகரவில்லை.
செவ் இந்தப் பக்கம் விழுந்தது
வந்தி அந்தப் பக்கம்.
அவன் பெயரையும் விடவில்லை:
அடைக்க, கொம்பின் கழுத்துக்கு.
லம், கழிவு.
எழுத்துப் பக்கம் உள்ளே போகட்டும்
என்று மட்டும் சொன்னான்.

ஒன்பது ராத்திரி.
இரண்டு கிலோ பெவிகால்.
ஒரு கட்டைவிரல் நகம், என்னுடையது.

பின்னறையில் ஊசி நுழையும் ஓட்டைகூட ஆகாது.
ஊதுபத்தி கொளுத்தி
மூட்டு மூட்டாக நகர்த்தினான் அடைக்கலம்.
நான் கம்பியை மெல்ல நெருடினேன்.
புகை நேராக நின்றால் சரி.
நடுங்கினால் ஒழுகல்.
ஆறு இடத்தில் நடுங்கியது.
ஏழாவது இடத்தில் புகை அசையவே இல்லை,
அவன் கைதான்.

மூலையில் தள்ளி வைத்தோம்.
மூலையில் வைத்தால்
தரையும் ரெண்டு சுவரும் சேர்ந்து
கொம்பின் மிச்ச வாயாகிவிடும்.
ஊரையே கொஞ்சம் கடன் வாங்குகிற வேலை.

அடிக்கம்பியை ஒரு தரம்
விட்டேன்.

சத்தம் என்று எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.
தகரக் கூரை பல்லைக் கடித்தது.
திருகாணி டப்பா மேசையில் தானாக நடந்து
விளிம்பில் யோசித்து
விழுந்தது.
பக்கத்துச் செக்கு சோலையப்பன்
மோட்டார் பேரிங் போச்சு என்று
மில்லை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.
அடைக்கலம் பெட்டி வாய்க்கு எதிரே
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.
சட்டைப் பை மட்டும் ஆடியது.

இன்னொரு தரம்.

வாசித்தேன்.

இன்னொரு தரம்.

எந்த எழுத்தைத் தாண்டி வந்து
எங்கே இடிக்கிறது என்று
அவனுக்குத்தான் தெரியும்.
சோலையப்பன் எண்ணெய்க் கையோடு நின்று
வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதே என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால்
ஐம்பதுக்குக் கீழே கொஞ்சம் இளைக்கிறது.
வாய் இன்னும் ஒரு சாண் வேண்டும்.
அடுத்த பெட்டியில் பார்க்கலாம்.

சனிக்கிழமை தேவகோட்டையில் வரவேற்பு.
அறுபத்தெட்டு கிலோ.
குட்டியானைக்காரர் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு
இறக்கி வைத்தார்.
உள்ள என்னங்க?
அடைக்கலம் கயிற்றை இழுத்துக் கட்டினான்.
காத்துண்ணே.
காத்துக்கா இந்தக் கனம் என்று
ஏற்றுகூலி நூறு சேர்த்துக் கேட்டார்.
கொடுத்தோம்.