ஆள் எத்தனை

மதுரையில் எங்களுக்கு ஏழு வீடு.
ஒன்றும் எங்களுடையதில்லை.

மூன்று மாத பாக்கி என்பது அப்பாவுக்கு
காலண்டரில் சிவப்பில் அச்சடித்த நாள் மாதிரி.
அன்று ராத்திரி தட்டுவண்டி வரும்.
இரண்டாம் ஆட்டம் விட்டுத் திரும்பும் கூட்டத்தில்
அண்டாவும் பாயும் நாங்களும் கலந்து
தெரு மாறிவிடுவோம்.

ரயில் நாலு மணி நேரம் தாமதம் என்றார்கள்.
பையை கிளாக் ரூமில் போட்டுவிட்டு
ஷேர் ஆட்டோ ஏறினேன்.
வேறு காரணம் இல்லை.

செல்லூர் வீட்டின் மேல் ஒரு டியூஷன் சென்டர்.
ஜெய்ஹிந்துபுரத்தில் கதவு எண் இருந்தது,
அதற்குப் பின்னால் வேறு வீடு.
ஆரப்பாளையம் வீட்டின் முன்பாதியை
ரோடு எடுத்துக்கொள்ள
மிச்சமிருந்த அடுக்களை டீக்கடையாகியிருந்தது.
எங்கள் அடுக்களையில் நின்று
பதினைந்து ரூபாய் கொடுத்து டீ குடித்தேன்.
சர்க்கரை தூக்கல்.

பந்தடி வீட்டுக்குப் போகவில்லை.
அங்கே நாங்கள் நாலு பேர்.

முனிச்சாலையில்,
ஓபுளா படித்துறைக்குப் போகும் சந்தில்,
அந்தக் கதவு அப்படியே.
அதன்மேல் ஒரு அட்டை: வீடு வாடகைக்கு.
நின்று படித்தது தப்பு.
எதிர்க்கடையிலிருந்து சாவியோடு வந்துவிட்டார்
புரோக்கர் சிக்கந்தர் பாய்.

"வீடு பாக்க வந்தீகளா?"

எனக்கு முன்னால் என் வாய் சொன்னது:
"ஆமா."

உள்ளே இருட்டு.
இடதுகை தானாக நீண்டு சுவரைத் தடவியது.
"சுவிச்சு இந்தப் பக்கம்மா" என்றார்.

இது ஹால் என்றார்.
ஹாலின் நடுவில் ஒரு டைல்ஸ் மட்டும்
மிதித்தால் தொம் என்றது.
"அது ஒண்ணுமில்ல, பூச்சு சரியில்ல."

ஒன்றுமில்லாமல் இல்லை.
எங்களுக்கு முன்னால் யாரோ நெய்துவிட்டுப் போன தறிக்குழி.
வெயில் நாளில் அதற்குள் இறங்கிக் குந்தினால்
முத்திருளன் வெளியே வரமாட்டான்.
தேடிக் களைத்து நாங்கள் சாப்பிட உட்காரும்போது
குழிக்குள்ளிருந்து ஒரு கை நீளும், தட்டுக் கேட்டு.
பேருக்கேத்த புள்ள என்பாள் அம்மா.

"தப்பா நெனைக்காதீக, ஓனரு கேப்பாரு,
நீங்க என்ன ஆளுக?"
அப்பாவிடமும் கேட்டார்கள்.
வீட்டுக்கொரு பதில் வைத்திருந்தார் அவர்.
எது எந்தத் தெருவுக்கு என்று
நாங்களும் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.
பாதி பாஸ், பாதி பெயில்.

வாடகை ஒம்பதாயிரம், அட்வான்ஸ் அம்பது.
எண்பத்தைந்து ரூபாய் மேனிக்கு
மூன்று மாதம் தராமல் ஓடிய வீடு இது என்று
சொல்லிவிடலாமா என்றிருந்தது.
அதற்குப் பதிலாகக் குறைத்துக் கேட்டேன்,
தரவே போகாத பணத்தை
அப்பா குறைத்துக் கேட்கும் அதே தோரணையில்.
எட்டரைக்கு இறங்கினார்.

"தண்ணி?"
இது அம்மாவின் குரல்.
"ஒருநா விட்டு ஒருநா."
அதுவும் அப்படியே.

பூட்டப் போனவர் நின்று கேட்டார்:
"ஆள் எத்தனை?"

"அஞ்சு."

அவர் திரும்பி அறையை ஒருதரம் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
"அஞ்சு பேருக்குக் காணாதேம்மா."

"காணும்" என்றேன்.

கொடை ரோடு தாண்டும்போது போன் வந்தது.
ஓனர் சரின்ட்டாராம்.
எப்ப வர்றீக, சுண்ணாம்பு அடிக்கணும்,
இன்னொரு பார்ட்டியும் கேக்குறாக.

ஜன்னலில் சிறுமலை கறுத்துக்கொண்டு வந்தது.
எதிர் சீட்டுப் பெண் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன் பாய்" என்றேன்.