திருப்பி மாட்டிய லென்ஸ்

டர்பன் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து
பதினாறு வருடமாய்க் கன்டெய்னர் தூக்குகிறேன்.
கீழே ஆட்களெல்லாம் எறும்பு மாதிரி என்று
வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வது வழக்கம்.
எறும்பைப் பார்த்ததில்லை அதுவரை.

சிபோனேலோ விற்ற பழைய கேமரா.
கூடவே ஒரு ஐம்பது எம்எம் லென்ஸ்,
ஓரத்தில் பூஞ்சை.
கிரே தெருவில் ஒரு வளையம் வாங்கி
லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால்
தூரம் செத்துப்போகிறது.
அருகு மட்டும் மிச்சம்.

ஃப்ளாஷுக்கு,
சிப்ஸ் டப்பாவை வெட்டி
உள்ளே டிஷ்யூ தாள் ஒட்டி
ஒரு மூக்கு செய்தேன்.
மிளகாய் வாசனை இன்னும் போகவில்லை அதில்.

முதல் வாரம் முழுக்கப் பச்சை மூட்டம்.
இரண்டாம் வாரம் என் கட்டைவிரல்.
மூச்சு விட்டால் உலகம் நகர்ந்துவிடுகிறது.
கூர்மை ஒரு மயிரிழைதான்:
கண்ணில் வைத்தால் கொம்பு கரையும்,
கொம்பில் வைத்தால் முகமே இல்லை.
வளையத்தைத் திருகாதே,
உடம்பை முன்னும் பின்னும் சாய் என்று
முழங்கால்தான் எனக்குச் சொன்னது,
ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த ஒரு காலை
சாட்ஸ்வொர்த் வீட்டுப் பின்புறத்தில்
ஈரப் புல்லில் மரத்துப்போய்.

கயிற்றில் ஆடும் இருபது டன்
ஆட்டத்தின் நுனியில் ஒரு நொடி நிற்கும்.
அப்போது இறக்கவேண்டும்.
முன்னால் இறக்கினால் இடிக்கும்,
பின்னால் என்றால் இன்னொரு ஆட்டம் காத்திருக்கவேண்டும்.
காற்றில் ஆடும் இலைக்கும்
அந்த நொடி இருக்கிறது.
அதைக் கண்ட அன்று
தூக்கம் வரவில்லை எனக்கு.

கறிவேப்பிலை மரம் பூராவும் கொப்புளம்.
"ஞாயிற்றுக்கிழமைக்குள் மருந்தடி" என்றாள் விலோஷ்னி,
"போட்டோ அப்புறம்."

இலையைத் திருப்பினேன்.
ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒன்று,
தன் உடம்பின் அளவுக்கே அச்செடுத்த குழி.
தட்டையான மஞ்சள்,
விளிம்பைச் சுற்றி வெள்ளை மெழுகுச் சரிகை,
ஓரத்தில் சிவப்பாய் ஒரு புள்ளி, கண்.
இடத்தைவிட்டு நகராத பிராணி.
கற்றுக்குட்டிக்கு இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்!

இருநூற்றுப் பதினான்கு படம்.
இருநூற்றுப் பதினைந்தாவதில்
ஒன்றின் முதுகு பிளந்திருந்தது.
பிளவுக்குள்ளிருந்து வெளிறிய பச்சையாய் ஒரு தலை,
பிறகு தோள்,
பிறகு பிழிந்து போட்ட துணி போல இறக்கை.
அது விரிய நாற்பது நிமிடம் ஆனது.
பேட்டரி முப்பத்தைந்தில் செத்தது.
மீதி ஐந்து நிமிடத்தை
வெறும் கண்ணால் பார்த்தேன்,
அதாவது
ஒன்றும் பார்க்கவில்லை.

ஞாயிறு மாலை
சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தேன்.
கை நடுங்கவில்லை.
கறிக்கு இலை வேண்டும்.
ஆனால் ஒவ்வொரு இலையாகத் திருப்பி
யார்மேல் அடிக்கிறேன் என்று தெரிந்து அடித்தேன்.
ஐந்து நிமிட வேலை
இருட்டும்வரை இழுத்தது.

படத்தை விரலால் பெரிதாக்கி
விலோஷ்னி வெகுநேரம் பேசாமலிருந்தாள்.
பிறகு கேட்டாள்:
"இதையா இத்தனை நாள் தாளிச்சோம்?"

அது இப்போது ஃப்ரிட்ஜ் கதவில்
மின்சாரப் பில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
ஒரு கண் மட்டும் கூர்மை,
மற்றதெல்லாம் கரைந்த பச்சை.
இடது கொம்பின் நுனி
சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

நேற்று, புதுக் கொழுந்தில்
முதல் கொப்புளம்.
பேட்டரி இரண்டும் சார்ஜில் கிடக்கின்றன.
இந்த முறை
அரை மில்லிமீட்டர் இடப்பக்கம்.