நடுக் கீல்

பணகுடியில் ஆனி மாதம்
சன்னலைத் திறந்துவைத்து பால்சா கட்டையை அறுக்க முடியாது.
கணவாய்க் காற்று தூளை அள்ளி
குழம்புச் சட்டியில் போட்டுவிடும்.
அடைத்த அறை, மின்விசிறியும் இல்லை.
வேர்வை ஒழுக
விமானத்தின் இடது சிறகை மடியில் கிடத்தியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வற்றிய குளத்துக்குள்
மூன்றாம் சுற்றில் இடப்பக்கம் சரிந்து
உடைமரத்தில் போய் உட்கார்ந்தது.
எல்லாம் காத்துதான், என்றான் சமாதானம்.
ரிமோட்டைக் கையில் வைத்திருந்தவன் வேறென்ன சொல்வான்.
ஆடு பத்திக்கொண்டு வந்தவரும் அதையே சொன்னார்.
இந்த ஊரில் ஓடு பறந்தாலும் காற்று
பஸ் பிந்தினாலும் காற்று.
திரும்பின பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிற ஊரில்
பழிபோடக் காற்றுக்கா பஞ்சம்.

நான் வள்ளியூரில் பல் செட் செய்கிறவள்.
மேல்தாடையையும் கீழ்த்தாடையையும்
பித்தளைக் கீலில் மாட்டி
மென்று காட்டச் சொல்வது பிழைப்பு.
எங்கே இடிக்கிறது என்று வாய் சொல்லாது,
நீலத்தாள் சொல்லும்.

அந்த நீலத்தாளில் ஒரு துண்டை
சிறகுக்கும் எய்லரானுக்கும் இடையில் செருகி
விரலால் மேலே, கீழே.
மேலே, கீழே.
முதல் கீலில் கறை இல்லை.
மூன்றாவதில் இல்லை.
நடுக் கீலின் தோளில்
கடுகளவு நீலம்.

அரை மில்லிமீட்டர் இருக்கும். அதுகூட இருக்காது.
இரண்டு கீல் ஒரு கோட்டில் நிற்க
இது மட்டும் அந்தக் கோட்டை ஒத்துக்கொள்ளவில்லை.
மடங்கும்போதெல்லாம் மரம் மரத்தை இழுத்திருக்கிறது.
உள்ளே இருக்கும் குட்டி சர்வோ
நடுவுக்குத் திரும்ப முடியாமல்
ராவெல்லாம் சோதித்தபோது முனகியிருக்கிறது,
நான் கொசு என்று சுருள் கொளுத்தியிருக்கிறேன்.

எப்போது கோணியது என்றும் தெரியும்.
அந்த வெட்டுக்குப் பிளேடை இறக்குகையில்
தங்கை ஃபோன் செய்தாள்,
பங்குக் கிணற்றுத் தகராறு.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் அவளை இடுக்கிக்கொண்டு
சரி, சரி என்றபடி அழுத்தினேன்.
இரண்டு சரியுமே சரியில்லை.

பசை குடித்த கீலைப் பிடுங்க முடியாது.
இடுக்கு வழியே பிளேடை விட்டு
அந்த ஒன்றை மட்டும் அறுத்தேன்.
உடனே எய்லரான்
தன் எடையில் தானே தொங்கியது.
பழைய பிளவுக்குள் பசை தோய்த்த பல்குச்சிகளைத் திணித்து,
காயவிட்டு, தேய்த்து,
மற்ற இரண்டின் அச்சுக்கும் நூல் பிடித்து
புதுக்கோடு போட்டேன்.
ஃபோனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.
புதுக் கீலின் மூட்டில் ஊசிமுனையளவு வாசலின்,
அங்கே பசை ஏறிவிடக் கூடாது.
எங்கே நிற்பது என்று
பசைக்குத் தெரியாது.

விடிந்ததும் சிறகை நட்டமாகத் தூக்கினேன்.
தானே விழுந்தது. தட்டாமல் எழுந்தது.
சர்வோ வாயே திறக்கவில்லை.
அடைத்த அறைக்குள் அப்போதுதான்
தெற்கே சுற்றும் காற்றாலை கேட்டது.

அடுத்த ஞாயிறு, அதே குளம்.
ஏறிய விமானம்
வலப்பக்கம் சாய்ந்தது.
சமாதானம் என்னை முறைத்தான்.
நான் அவன் கையைப் பார்த்தேன்.
ட்ரிம் பொத்தான்
நடுவிலிருந்து ஐந்து படி தள்ளி,
இல்லாத பிழையை
இன்னும் திருத்திக்கொண்டிருந்தது.

டிக், டிக், டிக், டிக்.
ஐந்தாவது ஒரு நீளமான பீப்.
மகேந்திரகிரியைப் பார்த்து நேராகப் போனது.

ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும்
அவன் கட்டைவிரல்
ஒரு நெல்லளவு வலத்தே போய்விட்டுத் திரும்பியது.
மாசியிலிருந்து பழகிய விரல்.
அதற்கு ட்ரிம் பொத்தான் கிடையாது.

இன்னைக்குக் காத்து கொறவு, என்றான்.
ஆமா, என்றேன்.
கரையில் உடைமரங்கள் அத்தனையும்
கிழக்கே படுத்துக் கிடந்தன.